‘கீழே விழுந்துட்டேன்’ என்று மட்டும் சொன்னதால் வந்த நஷ்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கிக் கணக்கில் வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்து, விபத்து என்றால் இரண்டு லட்சம் வரை தரும் பிரதமரின் விபத்துக் காப்பீடு (சுரக்ஷா பீமா) பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த பெட்டிச் செய்தியை எங்கள் தெருவில் படிக்காதவர்கள் இல்லை. மறுநாள் காலை தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும்போது எதிர்வீட்டு அக்கா என் வலது கையைத் தூக்கிப் பார்த்தார். "உனக்கும் ரெண்டு லட்சம் வந்திருக்குமே, ஏன்டி கேக்காம விட்ட?" என்றார். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லாரி வந்துவிட்டதால் அன்றைக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அது அந்த 20 ரூபாயைவிட, சம்பளத்தில் பிடிக்கும் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பற்றியது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளவும்.

நான் இருப்பது திருவொற்றியூர் காலடிப்பேட்டை. வயது 47. மணலியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷமாக வேலை. காலை எட்டரை மணி ஷிப்ட். தேரடியில் ஷேர் ஆட்டோ பிடித்து, சாத்தாங்காடு வழியாகப் போவோம். அந்தப் பாதையில் போனவர்களுக்குத் தெரியும். கன்டெய்னர் வண்டிகளும் இரும்பு ஏற்றிய லாரிகளும் ஓடி ஓடி, ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்பதே தெரியாது. 2023 ஆகஸ்ட் 9, புதன்கிழமை. ஆட்டோவில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் போன டிரெய்லர் திடீரென்று பிரேக் போட, டிரைவர் வண்டியை ஒடித்தார், சக்கரம் பள்ளத்தில் இறங்கியது, நான் வெளியே. வலது கையை ஊன்றி விழுந்தேன். வலி உடனே தெரியவில்லை. டிபன் பாக்ஸ் திறந்து எலுமிச்சைச் சாதம் ரோட்டில் சிதறிக் கிடந்ததும், அதன் மேல் ஒரு பைக் ஏறிப் போனதும்தான் கண்ணில் பட்டது. எழுந்திருக்கக் கையை ஊன்றியபோதுதான் முழங்கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று புரிந்தது.

கூட வந்த சக தொழிலாளி, அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், அவள்தான் அதே ஆட்டோவில் என்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னதும் அவள்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முழங்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. பிளேட் வைத்துத் தைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியை நான் குறை சொல்ல மாட்டேன். கை அறுவை சிகிச்சைக்கு நாடு முழுக்கப் பேர் போன இடம். இன்றைக்கு இந்தப் பேனாவைப் பிடிக்கிறேன் என்றால் அவர்கள் கைராசி.

தவறு நடந்தது அதற்கு அப்புறம். எனக்கு இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 15,600. அதில் முக்கால் சதவீதம், 117 ரூபாய், மாதாமாதம் என்னிடம் பிடிப்பார்கள். கம்பெனி தன் பங்காக 3.25 சதவீதம், 507 ரூபாய் கட்டும். பதினோரு வருஷமாகச் சம்பளச் சீட்டில் அந்த வரியைப் பார்த்து "மருந்து மாத்திரைக்குப் பிடிக்கிறாங்க" என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மருந்து மட்டுமில்லை, வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்தின் ஒரு பகுதியும் அதிலிருந்து வரும். இந்த வருமானம்தான் அதில் பெரிய விஷயம். இது எனக்குத் தெரியவே தெரியாது.

கட்டுப் போட்ட கையோடு லீவ் சர்ட்டிபிகேட் வாங்க இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போனேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் "என்னம்மா ஆச்சு?" என்றார். "கீழே விழுந்துட்டேன் சார்" என்றேன். அவ்வளவுதான். அவர் எழுதிக்கொண்டார். எங்கே விழுந்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பின்னால் இருபது பேர் நின்றார்கள், எனக்கோ கை விண்விண் என்று தெறித்துக்கொண்டிருந்தது. கம்பெனியில் எச்.ஆர். தம்பியும், "ரோட்டுல விழுந்ததுக்கும் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லைக்கா, சிக் லீவுலயே போட்டுக்கோங்க" என்றார். நல்ல பையன்தான். அவருக்கும் தெரியவில்லை என்றுதான் இன்றுவரை நம்புகிறேன். அப்படி நம்பினால்தான் தினமும் அவர் முகத்தைப் பார்க்க முடிகிறது.

ஆக, என் முறிந்த கை கணக்கில் காய்ச்சல் மாதிரி ஆகிவிட்டது.

இதில் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். இ.எஸ்.ஐ.யில் நோய்க்கு ஒரு கணக்கு, வேலைக் காயத்துக்கு வேறு கணக்கு. நோய் என்றால் தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைதான். அதற்கும் ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. காசநோய், புற்றுநோய் மாதிரி 34 நீண்டகால நோய்களுக்கு மட்டும் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை நீட்டிப்பார்கள். என் முழங்கை அந்தப் பட்டியலில் வரவில்லை. வேலைக் காயம் என்றால் 90 சதவீதம். குணமாகும் வரை கொடுப்பார்கள், நாள் கணக்குக் கிடையாது. அடிபட்ட நாள் போக, மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாத காயமாக இருந்தால் போதும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அடிபட்டாலும் உண்டு.

என் தினச் சம்பளம் 520. நோய்க் கணக்கில் 364 ரூபாய். காயக் கணக்கில் 468. நாளுக்கு 104 ரூபாய் வித்தியாசம். இரண்டு நாள் காஸ் சிலிண்டர் ஓடும் செலவு என்று நான் அலட்சியமாக விட்டிருப்பேன். ஆனால் நவம்பர் 9-ஆம் தேதியோடு 91 நாள் முடிந்தது. தீபாவளி 12-ஆம் தேதி. கை இன்னும் மடங்கவே இல்லை, பிசியோதெரபி பாதியில் நிற்கிறது, பணம் நின்றுவிட்டது. பெரியவளுக்குத் துணி எடுக்கவில்லை. சின்னவன், "அம்மா, எனக்கு வெடி வேணாம், சத்தம் புடிக்கல" என்றான். போன வருஷம் வரை சரவெடிக்கு அடம் பிடித்தவன்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணன் இருக்கிறார். பட்டறையில் பவர் பிரஸ் (இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) ஓட்டியவர். 2021-ல் வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. இப்போது ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேன். தீபாவளிக்குப் பலகாரம் கொடுக்க வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து விசாரித்தார். "எங்க விழுந்தே?" என்றுதான் முதலில் கேட்டார். மூன்று மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள். சொன்னேன். "வேலைக்குப் போற வழியிலயா? அப்ப அது வேலைக் காயம்தான்மா. 2010-லயே சட்டத்த மாத்திட்டாங்க" என்றார்.

நான் நம்பவில்லை. ஆனால் அது உண்மை. முன்பெல்லாம் கம்பெனி வண்டியில் போகும்போது நடந்தால்தான் கணக்கில் வரும். 2010-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதோ, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ நடக்கும் விபத்தையும் வேலையில் நடந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நேரம், இடம், சூழ்நிலை மூன்றும் வேலையோடு பொருந்தி வர வேண்டும், அவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி வரை இருந்துவிட்டு வரும்போது விழுந்தால் கேள்வி கேட்பார்கள். காலை எட்டு மணிக்கு மணலி ரோட்டில் விழுந்தவளிடம் என்ன கேட்பார்கள்?

கேட்டார்கள். இ.எஸ்.ஐ. ஆபீசில் ஆதாரம் கேட்டார்கள், அது நியாயம்தான். என் லீவ் சர்ட்டிபிகேட்டில் கீழே விழுந்ததாக மட்டும்தான் இருக்கிறது. வீட்டு மாடிப்படியில் விழுந்திருந்தாலும் அதே வார்த்தைதானே. அப்போதுதான் அண்ணன் "ஏ.ஆர். காப்பி வாங்கினியா?" என்றார். விபத்துக் கேஸாக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஷுவாலிட்டியில் ஒரு பதிவேட்டில் எழுதுவார்கள், அதன் நகல்தான் ஏ.ஆர். காப்பி. போய் வாங்கினோம். அதில் தங்கச்சி அன்றைக்குச் சொன்னது அப்படியே இருந்தது: காலை சுமார் 8.05 மணி, சாத்தாங்காடு அருகே, மணலிக்கு வேலைக்குச் செல்லும்போது ஷேர் ஆட்டோவிலிருந்து விழுந்ததாக. அந்த இரண்டு வரியைப் படித்ததும் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிட்டேன். நான் வலியில் சொல்லத் தவறியதை அவள் சொல்லிவைத்திருக்கிறாள்.

அப்புறம் அலைச்சல்தான். அதை விரிவாக எழுதி உங்கள் இடத்தை அடைக்க விரும்பவில்லை. கம்பெனி விபத்து அறிக்கை கொடுக்க வேண்டும். எச்.ஆர். தம்பி மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று மூன்று வாரம் ஓட்டினார். அதற்குள் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4-ஆம் தேதி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு கையால் நான் முதலில் பரணில் ஏற்றியது டி.வி.யை இல்லை, அந்தக் காகிதங்கள் இருந்த பிளாஸ்டிக் கவரை. கேஸ் கொடுத்தால் வேலை போய்விடும் என்று வீட்டில் பயந்தார்கள். இ.எஸ்.ஐ. பணம் வாங்கிக்கொண்டு லீவில் இருக்கும் காலத்தில் அதற்காக ஒருவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருந்தது. கடைசியில் கம்பெனி அறிக்கை கொடுத்தது, தங்கச்சி சாட்சிக் கடிதம் எழுதினாள், ஆட்டோ டிரைவரும் கையெழுத்துப் போட்டார். கணக்கை மாற்றினார்கள்.

2024 பிப்ரவரி 13-ஆம் தேதி வேலைக்குத் திரும்பினேன். மொத்தம் 187 நாள். 468 வீதம் 87,516 ரூபாய். நோய்க் கணக்கில் எனக்கு வந்திருந்தது 33,124. மீதி 54,392 ரூபாய் ஏப்ரலில் வங்கிக் கணக்கில் ஏறியது. நடுவில் அடகு வைத்த கம்மலுக்கு வட்டி போக மீதியை என்ன செய்தேன் என்பது வேறு கதை.

கை முழுதாகச் சரியாகவில்லை. முழுசாக மடக்க வராது. சாதத்தை வாய்க்குக் கொண்டுபோக நான்தான் தலையைக் குனிய வேண்டும். ஜடை பின்னிக்கொள்ள முடியாது, மகள்தான் பின்னிவிடுகிறாள். மெடிக்கல் போர்டுக்குப் போனேன். சம்பாதிக்கும் திறனில் 8 சதவீதம் போயிற்று என்று எழுதினார்கள். 468-ல் 8 சதவீதம், நாளுக்கு 37 ரூபாய் 44 காசு. மாதம் 1,120 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. சம்பளம் வாங்கிக்கொண்டே இதையும் வாங்கலாம். ஆயுள் முழுக்க வரும். போர்டு போட்ட சதவீதம் குறைவு என்று பட்டால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். நான் செய்யவில்லை. அலைந்தது போதும் என்றிருந்தது.

இந்தச் சதவீதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. அண்ணனுக்கு மூன்று விரலுக்கு 30 சதவீதம். சட்டத்தின் அட்டவணையிலேயே எந்த விரலுக்கு எவ்வளவு என்று இருக்கிறது. ஒரு கையில் நான்கு விரலும் போனால் 50, மூன்று போனால் 30, இரண்டு போனால் 20, கட்டைவிரல் மட்டும் போனாலே 30. இது சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்கிற கணக்கு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் போடும் சதவீதம் உடம்பின் குறைபாட்டைப் பார்த்துப் போடுவது. அங்கே 40-ஐத் தொட்டால்தான் பெரும்பாலான அரசு உதவிகளுக்குக் கதவு திறக்கும். இரண்டும் ஒன்று என்று நினைத்து, ஒரு சான்றிதழை இன்னொரு ஜன்னலில் நீட்டிவிட்டு, திட்டு வாங்கித் திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அண்ணன் கதையில் இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிப்பார். அவருக்குக் கையில் வந்த கூலி நாளுக்கு 600. பட்டறைக்காரர் இ.எஸ்.ஐ. கணக்கில் காட்டியது 400. "உனக்கும் பிடித்தம் கம்மிதானே" என்றாராம், இவரும் சரி என்றாராம். அந்த 200 ரூபாய்க்கு முக்கால் சதவீதம் என்றால் ஒன்றரை ரூபாய். நாளுக்கு ஒன்றரை ரூபாய் மிச்சம். இப்போது அவருக்கு வருவது 400-ல் 90 சதவீதமான 360-க்கு 30 சதவீதம், 108 ரூபாய். 600 என்று காட்டியிருந்தால் 162 வந்திருக்கும். உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நாளும் 54 ரூபாய் குறைகிறது. இனி மாற்ற முடியாது என்று விட்டுவிட்டார். உங்கள் வாசகர்களில் எத்தனை பேர் சம்பளச் சீட்டையும் இ.எஸ்.ஐ. கணக்கையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள்? ஐ.பி. நம்பரை (இ.எஸ்.ஐ. அட்டையில் இருக்கும் காப்பீட்டு எண்) வைத்து மொபைலிலேயே பார்க்கலாம். என் மகள் இரண்டு நிமிஷத்தில் எடுத்துக் காட்டினாள்.

சரி, எதிர்வீட்டு அக்காவின் இரண்டு லட்சத்துக்கு வருகிறேன். அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் நானும் இருக்கிறேன். 2015-ல் 12 ரூபாயில் ஆரம்பித்து 2022-ல் 20 ஆக்கினார்கள். மே மாதக் கடைசியில் கணக்கில் பிடித்ததும் மெசேஜ் வரும். விபத்தில் உயிர் போனால் இரண்டு லட்சம். இரண்டு கண், அல்லது இரண்டு கை, அல்லது இரண்டு கால் போனாலும், ஒரு கண்ணோடு ஒரு கையோ காலோ போனாலும் இரண்டு லட்சம். ஒரு கண்ணோ, ஒரு கையோ, ஒரு காலோ அடியோடு போனால் ஒரு லட்சம். அவ்வளவுதான். முறிந்து ஒட்டிய முழங்கைக்கு ஒரு பைசா கிடையாது. மூன்று விரலுக்கும் கிடையாது. திட்டத்தைக் குறை சொல்லவில்லை, 20 ரூபாய்க்கு அது பெரிய விஷயம். காசிமேட்டில் படகில் போகிறவர்களும், மூட்டை தூக்குகிறவர்களும், வீட்டு வேலை செய்கிறவர்களும் கட்டாயம் போட்டு வைக்க வேண்டும். ஆனால் ஆறு மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால் அது அரிசி வாங்கித் தராது. உங்கள் பெட்டிச் செய்தியில் இந்த ஒரு வரி இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் அப்படித்தான். ஆபரேஷன் செலவைப் பார்த்துக்கொள்ளும், வீட்டு வாடகையைப் பார்த்துக்கொள்ளாது. எங்கள் சூப்பர்வைசர் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதும் இ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போய்விட்டார். கம்பெனி கொடுத்த மெடிக்கல் பாலிசியைக் காட்டிப் பெருமைப்படுவார். அதில் வருமானத்துக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் படித்துப் பார்த்தார். அவர் மாதிரி ஆட்கள் தனிநபர் விபத்து பாலிசி எடுக்கும்போது, தற்காலிக முழு ஊனத்துக்கு, அதாவது குணமாகும் வரை வேலையே செய்ய முடியாத நிலைக்கு, வாரப் பணம் உண்டா என்று கேட்க வேண்டும். காப்பீட்டுத் தொகையில் வாரத்துக்கு 1 சதவீதம், 100 வாரம் வரை என்பது அதில் வழக்கமான கணக்கு. மலிவான பாலிசிகளில் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டிருப்பார்கள். ஏஜென்ட் தானாகச் சொல்ல மாட்டார்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் மூலமாக நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் சர்ட்டிபிகேட் எழுதும் ஜன்னல்களுக்கு மேலே, தமிழில், பெரிய எழுத்தில் ஒரு பலகை: "அடிபட்டது வேலையிலா? வேலைக்குப் போகும், திரும்பும் வழியிலா? உடனே சொல்லவும்." பெயின்டருக்குக் கொடுத்தால் ஒரு மணி நேர வேலை. கம்பெனிகளின் நோட்டீஸ் போர்டிலும் அதே வரியை ஒட்டலாம்.

எங்கள் கம்பெனியில் பலகை வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஏ.ஆர். காப்பியின் ஜெராக்ஸ் ஒன்று என் டிபன் பையில் எப்போதும் இருக்கும். போன மாதம் பேக்கிங்குக்குப் புதிதாக வந்த பெண், சேர்ந்து ஒன்பதே நாள், வேலை முடிந்து போகும்போது தேரடி அருகே பைக் இடித்துக் கணுக்கால் போய்விட்டது. போன் பண்ணினேன். "ஜன்னல்ல என்ன சொன்னே?" என்றேன்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற வழியிலன்னு சொன்னேன்க்கா. ரெண்டு தடவ சொன்னேன். எழுதிட்டாரான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றாள்.

இப்படிக்கு,
ஒரு பேக்கிங் தொழிலாளி,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.

(பெயர் வெளியிட வேண்டாம். எச்.ஆர். தம்பியும் உங்கள் வாசகர்தான்.)